பெரட்டு மணியும் கைக்கடிகாரமும்

கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்த்தும், பழுதுபார்த்தும், விருப்பத்தோடு அணிந்தும் வருகிற அன்பர்களுக்கு,



சாவி கொடுத்தால் ஓடி, கொடுக்க மறந்தால் நின்றுபோகிற ஒரு சிறு யந்திரத்தின்மேல், அதிலும் நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் முகந்தெரியாத ஒருவர் கட்டிப் பழகி, பிறகு கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன யந்திரத்தின்மேல், இத்தனை பிரியம் வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்களைக் கேட்காத உறவினர் இருக்கமாட்டார்கள். கைத்தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தால் வினாடி பிசகாமல் நேரம் தெரிகிற இந்நாளில், தினமும் சில வினாடிகள் முன்பின்னாக ஓடும் ஒரு கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்வது பிரயோஜனத்தைக் கருதி அல்ல என்பது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பிரியத்துக்கு நியாயம் கற்பிப்பதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. எனக்கும் அது உண்டு. அதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். உங்களிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காகவே எழுதுகிறேன்.

உங்களிற் பலருடைய ஞானம் என்னை வியக்க வைத்திருக்கிறது. 1927 அக்டோபரில் இங்கிலீஷ் கால்வாயில் நீந்திய மெர்சிடிஸ் கிளைட்ஸ் அம்மையாரின் கழுத்தில் தொங்கியது ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் என்பதை நீங்கள் அறிவீர்கள். டைட்டோனி நிறுவனம் 1919-ல் சுவிட்சர்லாந்தின் கிரென்சென் நகரில் தோன்றியது என்பதையும், அதன் முகப்பிலுள்ள பூ பிளம் மலர் என்பதையும் சொல்வீர்கள். பின்மூடியைத் திறந்த மாத்திரத்தில் உள்ளிருக்கும் யந்திரத்தின் எண்ணைக் கூறி, அது எந்தக் காலத்தது என்று மதிப்பிடவும் உங்களுக்கு முடியும். ஆனால், இத்தகைய நுட்பமான அறிவு படைத்தவர்களிடம், உங்கள் பாட்டனார் எந்த ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது தமது முதல் கடிகாரத்தைக் கட்டினார், அதை எந்த ஊர்க் கடைவீதியில் வாங்கினார், அதற்கு எத்தனை மாதச் சேமிப்புப் போயிற்று என்று கேட்டால், அநேகமாகப் பதில் வருவதில்லை. சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கின் சரித்திரம் தெரிந்திருக்கிற அளவுக்கு தோட்டக் குடியிருப்பான நம்முடைய லயத்துச் சரித்திரம் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நம் சேகரங்களில் தோட்டத்து மக்கள் கட்டியிருந்த கடிகாரங்களுக்கு முதலிடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்த இடத்துக்கு அவை ஏன் உரியவை என்பதை இனிச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் காலம் என்பது எல்லோருக்கும் பொதுவான சொத்தாக இருந்ததில்லை. விடியுமுன்னே, பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மணி அடிக்கும். அந்த மணியும் பெரும்பாலும் கம்பியில் தொங்கவிட்ட ஓர் இரும்புத் துண்டுதான். அடிப்பவருக்கு நேரத்தைச் சொன்னது ஆபீஸ் சுவர்க் கடிகாரம். அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு நேரத்தை நிர்ணயித்தது கிராணியாரின் கடிகாரம் அல்லது துரையின் கடிகாரம். லயத்தில் படுத்திருந்தவருக்கு எட்டியதோ ஓசை மட்டுமே. பெயர் கூப்பிடும் வேளையில் வரிசையில் நில்லாதவருக்கு அன்றைய வேலை இல்லை, கூலியும் இல்லை. இருட்டில் உளி எடுக்க வேண்டியது மரத்தின் நியதி என்பதை நான் மறுக்கவில்லை. ரப்பர் மரத்தின் பட்டைக்குள்ளே பால் ஓடும் நாளங்கள் இரவின் குளிர்ச்சியில் நீர் நிறைந்து விம்மியிருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளர்ந்து, பால் வடிவது குறைந்துவிடும். ஆனால் எத்தனை மணிக்குப் பெரட்டு, எத்தனை மணிக்கு வீடு, தாமதமான ஐந்து நிமிஷத்துக்கு என்ன தண்டனை என்பவையெல்லாம் மரம் விதித்தவை அல்ல, மனிதர் விதித்தவை. அந்த விதிகளைப் பரிசோதிப்பதற்கு வேண்டிய ஒரே கருவி, அவற்றுக்கு உட்பட்டவர்களின் கையில் இல்லை.

இருப்பதற்கு வழியும் இல்லை. 1938-ல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. அந்த ஐந்து காசுக் குறைப்பை ஒட்டித்தான் இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மலாயாவுக்குக் கூலியாட்களை உதவிப் பிரயாணத்தில் அனுப்புவதை நிறுத்தியது. அரை வெள்ளிக்கும் குறைந்த கூலியில் அரிசியும் உப்பும் புளியும் போக மீதமிருப்பதைக் கொண்டு சுவிஸ் கடிகாரம் வாங்குவது எங்ஙனம்? ஆகவே அக்காலத்துத் தோட்டத்தில் மணிக்கட்டில் கடிகாரம் உள்ளவர் என்றால், அவர் உத்தரவு கொடுக்கும் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

1941-ன் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றோடு இன்னும் இரண்டு இருந்தன. துரையையோ உத்தியோகஸ்தரையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. பத்து மணி நேரம் பன்னிரண்டு மணி நேரம் என்று நீளும் வேலைநாளை நீக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நான் எப்பொழுதும் சேர்த்தே படிக்கிறேன். பாதையில் தலைநிமிர்ந்து போவதும், தன் உழைப்பின் நேரத்தைத் தானே அறிந்து அளந்து சொல்வதும் ஒரே கௌரவத்தின் இரு பகுதிகள். அரசாங்கம் நாதனைக் கைது செய்து, துருப்புகளைக் கொணர்ந்து, துப்பாக்கியால் அந்தப் போராட்டத்தை அடக்கியது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆனால் மணிக்கணக்குக் கேட்கும் பழக்கம் அடங்கவில்லை. யுத்தத்துக்குப் பின் பல சங்கங்கள் ஒன்றுகூடி 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தபோது, கூலியோடு வேலைநேரமும் பேச்சுவார்த்தை மேஜைக்கு வந்தது.

தோட்டத்துத் தொழிலாளியின் கைக்குக் கடிகாரம் வந்தது அதற்குப் பிறகுதான். டைட்டோனி, டைட்டஸ், எனிக்கார், ரோமர், மிடோ என்று சுவிஸ் பெயர்கள் முதலில் வந்தன. சீக்கோ, சிட்டிசன், ஓரியண்ட் என்று ஜப்பானியப் பெயர்கள் பின்னர் வந்தன. அக்கடிகாரத்தைப் பால்வெட்டுக்குக் கட்டிக்கொண்டு போனவர்கள் குறைவு. வியர்வையும் ரப்பர்ப் பாலும் அதற்கு ஆகா. திருவிழாவுக்கும், கல்யாணத்துக்கும், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போதும், சம்பளம் வாங்கிய மறுநாள் டவுனுக்குப் போகும்போதும் அது பெட்டியிலிருந்து வெளியே வரும். அந்தக் காலத்து ஸ்டூடியோப் படங்களை எடுத்துப் பாருங்கள். சட்டையின் கை ஒரு மடிப்பு மேலே மடிக்கப்பட்டிருக்கும். இடது கை நாற்காலியின் முதுகின்மேலோ முழங்காலின்மேலோ, கடிகாரம் காமிராவைப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கும். இதை வெறும் பகட்டு என்று எண்ணுவோருக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரியவில்லை என்றே சொல்வேன். தகப்பனார் காலமெல்லாம் பிறர் அடித்த மணிக்கு எழுந்து நின்றார். மகன் தன் நேரத்தைத் தன் கையிலேயே வைத்திருக்கிறான். அந்தச் செய்தியைத்தான் அவன் ஊருக்கு எழுதும் கடிதத்தோடு படமாக அனுப்பினான்.

இங்கே ஓர் உபகதையைச் சொல்ல வேண்டும். கடிகாரப் பிரியர்களாகிய உங்களுக்கு அது ருசிக்கும். கோலசிலாங்கூர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 101¼ பாகையில் இருக்கிறது. பாகை ஒன்றுக்கு 4 நிமிஷம் என்று கணக்கிட்டால், சூரியன் நமக்குக் கொடுக்கிற நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 45 நிமிஷம் முந்தியது. 1905-ல் மலாயாவுக்குப் பொதுநேரம் வகுத்தபோது அதை 7 மணியாக வைத்தார்கள். 1933-ல் மேலும் 20 நிமிஷம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிஷம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். 1942-ல் ஜப்பானியர் வந்து, நாடு முழுவதையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி, ஒரேயடியாக 9 மணி ஆக்கினார்கள். 1945-ல் அவர்கள் சரணடைந்த பின் மீண்டும் ஏழரை வந்தது. கடைசியாக, தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் ஒரே நேரத்தின்கீழ் கொண்டுவரும்பொருட்டு, 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவென்று அறிவித்து அரைமணி நேரத்தைத் தாண்டிக்கொண்டு 1982-ல் பிரவேசித்தோம். அன்றுமுதல் நம்முடைய கடிகாரம் சூரியனைவிட ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊரின் மெலாவத்திக் குன்றின்மேல் நின்று பார்த்தால் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணியளவிலே. 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிற அதே குன்றில்தான் ரமலான் பிறையையும் பார்க்கிறார்கள். வானத்தைப் பார்த்து நேரத்தை அறிவதற்கு நம் ஊரில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். 1930-களின் இறுதியில் வாங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம் நம் வட்டாரத்தில் யாரிடமேனும் இருந்தால், அதன் முட்கள் அரசாங்க உத்தரவினால் நான்கு முறை நகர்த்தப்பட்டவை. அவற்றுள் 1942-ல் நகர்த்தியதுபோல் கொடியது பிறிதில்லை. தோக்கியோ நேரப்படி கோலசிலாங்கூரில் சூரியோதயம் எட்டேகால் மணியளவில். ஏற்றுமதி நின்றுபோய் ரப்பருக்கு விலையில்லாமற் போன அக்காலத்தில், லயத்து மக்கள் மரவள்ளி நட்டு அதைத் தின்று உயிர் வைத்திருந்தார்கள். எத்தனையோ ஆண்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் திரும்பாதவர்களின் தொகையைச் சரித்திரக்காரர்கள் இன்றுவரை ஒன்றுபோலச் சொல்லவில்லை. மரமோ எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாமல் பழையபடி விடியலுக்கு முன்னே பால் விம்மி நின்றுகொண்டிருந்தது. ஆட்சிக்கு ஆட்சி நேரம் மாறியது என்பதை நம் மக்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. விடிகிற வேளைக்கும் பெரட்டு வேளைக்கும் இடையே ஏற்பட்ட மாறுதலில் உடம்பாலே அனுபவித்தார்கள்.

அந்தத் துன்பத்தை அனுபவித்த தலைமுறையே, இருபது வருஷம் கழித்து, ஜப்பானியக் கடிகாரத்தைத் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. 1963-ல் வெளிவந்த சீக்கோ 5 நம் வட்டாரத்தில் வேரூன்றியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தானே சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும், நீருக்குத் தாங்கும், சாவிக் குமிழ் நான்கு மணிப் பக்கத்தில் ஒதுங்கியிருப்பதால் கையை உறுத்தாது, கூடும் செயினும் உறுதியானவை. இந்த ஐந்து குணங்களையே அதன் பெயரிலுள்ள எண் குறிக்கிறது. உள்ளே இருக்கும், 1959-ல் சீக்கோ நிறுவனம் கண்ட 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பு, எடைத்தகடு இடப்பக்கம் சுழன்றாலும் வலப்பக்கம் சுழன்றாலும் வில்சுருளை முறுக்கிவிடும் எளிய சூட்சுமம். ஓயாமல் கையை அசைத்து உழைப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான யந்திரம் எது? மன்னித்தார்களா, மறந்தார்களா என்ற விசாரணையில் நான் இறங்கவில்லை. நல்ல வேலைப்பாட்டை நல்ல வேலைப்பாடென்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை உழைப்பாளிக்கு இயல்பாக உண்டு என்று மட்டும் எண்ணுகிறேன். 1969 டிசம்பர் 25-ஆம் தேதி அதே நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அதன் விளைவாக, 1970-ல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழில் பதினைந்து வருஷங்களுக்குள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது. நம் பெட்டிகளில் பழைய யந்திரக் கடிகாரங்கள் தூங்கத் தொடங்கியதும் அப்பொழுதுதான்.

அவை இப்பொழுது எங்கே இருக்கின்றன? சில கடல் கடந்து போயின. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற கட்டுப்பாடு வந்தபோது, பல்லாயிரவர் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பினார்கள். 1973 வரையில் ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போன அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளில் மலாயாக் கடிகாரங்களும் போயின. தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்களின் கிராமங்களில் அவை இன்றும் எங்கேனும் இருக்கக்கூடும். மற்றவை நம்மோடுதான் இருக்கின்றன. ஆனால் தோட்டங்கள்தாம் நம்மோடு இல்லை. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காகப் பின்னாளில், 1930-ல், கோன்கூர் பரிசு பெற்ற ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர், 1917-ல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டார். இந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. அந்தச் செம்பனை நாளடைவில் ரப்பரை விழுங்கியது. பின்னர் வீடமைப்பும் சாலைகளும் செம்பனையையும் விழுங்கத் தொடங்கின. மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்று ஒரு காலத்தில் உறவினர் விலாசமாயிருந்த பெயர்கள் இன்று அநேகருக்கு ஞாபகங்கள். லயங்களை விட்டுப் புக்கிட் செந்தோசாவுக்கும், புக்கிட் பெருந்தோங்குக்கும், ரவாங்குக்கும், அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில், பாட்டனாரின் கடிகாரம் அலமாரியின் அடித்தட்டில் பழைய அடையாளக் கார்டோடும் ரசீதுகளோடும் கிடக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் இப்படிப்பட்ட பொருள்களில் ஒரு பகுதி தொலைகிறது. வீட்டுப் பெரியவர் காலமானால் இன்னொரு பகுதி தொலைகிறது.

இவற்றுள்ளும் முதலில் தொலைவன பெண்களின் கடிகாரங்கள். உங்கள் சேகரங்களில் அவை ஏறக்குறைய இல்லை. அளவில் சிறியவை, இன்றைய கைக்குப் பொருந்தாதவை, சந்தையில் விலை இல்லாதவை என்பது காரணம். சற்றுப் பொன் சேர்ந்த கூடாயிருந்தால் அதை உருக்குவதற்கு விற்றுவிடுகிறார்கள். உள்ளிருந்த யந்திரம் குப்பைக்குப் போகிறது. நண்பர்களே, பால்வெட்டில் பாதிப் பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்கள். பெரட்டு மணிக்கு ஆண் எழுந்தான் என்றால், அதற்கும் ஒரு மணி நேரம் முன்னே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைத் துணியில் சுற்றி, ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றவள் அவள். எந்த மணியும் அவளை எழுப்பியதில்லை. அவளுடைய கைக்கு, மகள் பள்ளி ஆசிரியையான பிறகோ மகன் டவுனில் உத்தியோகம் பெற்ற பிறகோ, ஐம்பது வயதுக்குமேல் வந்து சேர்ந்த ஒரு சிறு கடிகாரம், என் மதிப்பில், எந்த மாலுமிக் கடிகாரத்தையும் விமானிக் கடிகாரத்தையும்விட உயர்ந்தது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ரசனையை மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்தவே விரும்புகிறேன்.

தேடிப் பெற்ற கடிகாரத்தை என்ன செய்வது என்பதிலும் எனக்குத் திடமான கருத்து உண்டு. முகப்புக்கு மறுபடி வர்ணம் பூசாதீர்கள். 1961-ல் பெங்களூரில் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கி 2016-ல் மூடுவதற்கு முடிவான எச்.எம்.டி. தொழிற்சாலையின் கடிகாரங்களும், பழைய ஃபாவ்ர்-லூபா கடிகாரங்களும் இன்று பம்பாயிலிருந்து புத்தம்புது வர்ணத்தில், ஒரு கடிகாரத்தின் முகமும் இன்னொன்றின் முள்ளும் மூன்றாவதன் யந்திரமுமாக வந்திறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அவை யாருடைய கடிகாரமும் அல்ல. மஞ்சளித்துப் போன முகப்பும், ஓரத்தில் ஈரம் பட்ட கறையும், கண்ணாடியின் கீறலும் அதைக் கட்டியிருந்தவரின் வாழ்க்கையோடு சேர்ந்தவை. அவற்றை அழிப்பது உயிலில் உள்ள கையெழுத்தை அழித்து அழகான கையெழுத்துப் போடுவதற்கு ஒப்பாகும். பின்மூடியில் ஊசியால் கீறிய பெயரெழுத்தோ, பதிவு எண்ணோ, நீண்டகாலச் சேவையைக் குறிக்கும் வாசகமோ இருந்தால், அதைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க எந்தக் கடைக்காரரையும் அனுமதியாதீர்கள்.

இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் பச்சை மருந்து பூசிய பழைய கடிகாரங்களைக் குறித்து ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1960-களுக்கு முந்தியவற்றில் அந்த மருந்து பெரும்பாலும் ரேடியம் கலந்தது. ஒளி மங்கிவிட்டதால் ஆபத்து நீங்கியதென்று கருதாதீர்கள். மங்கியது துத்தநாக சல்பைடுப் பொடிதான். ரேடியத்தின் அரையாயுள் 1,600 வருஷம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அந்த மருந்தைத் தூரிகையால் தொட்டு, தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கிய இளம்பெண்களிற் சிலர் 1920-களில் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். ஆகவே அத்தகைய கடிகாரத்தைச் சாப்பாட்டு மேஜையில் திறப்பதும், பொடியை ஊதுவதும், குழந்தைகள் கையில் கொடுப்பதும் கூடா. மூடியபடி வைத்துப் பார்க்கலாம். திறப்பதைத் தொழில் தெரிந்தவருக்கு விட்டுவிடுங்கள்.

நம் சீதோஷ்ணம் கடிகாரத்துக்குச் சத்துரு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு; உள்நாட்டில் வருஷம் முழுவதும் ஈரம். ரப்பர் வளையம் இறுகிப்போன பழைய கடிகாரத்தின் பின்மூடியில் 'நீர்புகாது' என்று பொறித்திருந்தாலும் அதை நம்பி மழையில் நனையவேண்டாம். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையே தேதியைக் குமிழால் மாற்றினால், அப்பொழுது தேதிச் சக்கரத்தோடு பற்கள் பிணைந்திருக்குமாதலால், பல் முறியக்கூடும். இவை உங்களுக்குத் தெரிந்தவையே; புதிதாக இத்துறைக்கு வருகிற இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சொல்லிக்கொடுப்பது என்றதும் பழுதுபார்ப்பவர்களின் நினைவு வருகிறது. கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியும், கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியும், ஒரு சிறு விளக்குமாக உட்கார்ந்து, சீனரும் தமிழருமாக நம் சிற்றூர்களின் நேரத்தை ஓட்டி வைத்தவர்கள் அவர்கள். இன்று மின்கலம் மாற்றுவதற்குக் கடைகள் உண்டு; பேலன்ஸ் சக்கரத்தின் ஊசியைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்; இருப்பவர்கள் முதியவர்கள்; அவர்களுடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். உங்களிற் சிலர் வாரம் ஒருநாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டால், அது இன்னும் பத்துக் கடிகாரம் வாங்குவதைவிடப் பெரிய காரியம். அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். இறக்குமதிக் கடிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர், எண்ணெய் துடைத்துச் சுத்தம் செய்யும் முதியவரிடம் ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்வதைக் கண்டிருக்கிறேன். அது நம் கூட்டத்துக்கு அழகல்ல.

கட்டுங்கள், பெட்டியில் பூட்டாதீர்கள். பாட்டனாரின் டைட்டோனியை, அத்தையின் சிறு சிட்டிசனை, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கட்டிக்கொண்டு போங்கள். யாராவது கேட்பார்கள், கேட்டவரிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். வாங்குகிற ஒவ்வொரு கடிகாரத்தோடும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: கட்டியவர் பெயர், தோட்டம், டிவிஷன், செய்த வேலை, வாங்கிய ஆண்டு, கடை. குடும்பத்தாருக்கு அந்தக் கடிகாரத்தின் அருமை தெரியாமல் அற்ப விலைக்குக் கொடுக்க முன்வந்தால், அருமையை முதலில் எடுத்துச் சொல்லுங்கள். பிறகும் அவர்கள் விற்க விரும்பினால் நியாயமான விலை கொடுங்கள். பின்னொரு நாளில் பேரனோ பேத்தியோ தேடி வந்தால் அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்கத் தயாராயிருங்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில், முக்கியமாகத் தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிற பள்ளிகளில், வருஷத்துக்கு ஒரு நாளாவது இந்தக் கடிகாரங்களைப் பரப்பி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாவி கொடுக்கும் விதத்தை அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

இவற்றையெல்லாம் ஒரே சமயத்தில் செய்யும்படி நான் கேட்கவில்லை. அடுத்த முறை நீங்கள் ஒன்றுகூடும்போது, ரோலெக்ஸையும் ஒமேகாவையும் வீட்டில் வைத்துவிட்டு, தலைக்கு ஒரு தோட்டத்துக் கடிகாரமும் அதற்குரிய சீட்டும் கொண்டுவாருங்கள். அவற்றில் பாதியாவது பெண்கள் கட்டியவையாக இருக்கட்டும். எழுதிய சீட்டுகளுக்கு ஒரு நகல் எடுத்து, ஊர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்,
கோலசிலாங்கூர்